நுளம்பு மருந்துக்குப் பழகியதா?

"மருந்து அடித்து அடித்து நுளம்புக்கு அது பழகிப்போய்விட்டது, இனிச் சாகாது" என்று கூறுவாரை ஊர்தோறும் காண்கிறோம். காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு குணங் காணாதவரும், "அந்த மருந்து பழகிவிட்டது" என்றே சொல்லுவர். மாணவர் விடைத்தாள்களிலும் இக்கருத்து வேறொரு கோலத்தில் வந்து நிற்கும். "டி. டி. ரி. தெளிக்கப்பட்டமையால், நுளம்புகள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொண்டன" என்று எழுதுவோர் பலர். வசனத்திலே பிழை ஒன்றும் இல்லை, பொருளிலேதான் பிழை. அது யாது என உணர்ந்துகொள்பவர், உயிரியலுக்கு அடித்தளமாய் விளங்கும் கூர்ப்புக் கொள்கையின் உயிர்நாடியையே உணர்ந்தவராவர். அதனை உணர்தற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இலங்கையிலே மலேரியாவுடன் நிகழ்ந்த போராட்டத்தின் வரலாறே போதும்.

தீவில் நிகழ்ந்தது

1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் ஓட்டங் குன்றி, மணற்படுக்கைகளிற் சிறு சிறு குட்டைகளாகத் தேங்கின. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிசு கியூலிசிபேசிசு என்பது. அது விரைந்தோடும் வெள்ளத்தை விரும்பாது. வெயில் படும் தெளிந்த குட்டைநீரையே முட்டையிட நாடும். ஆகவே மக்களுக்கு வாட்டமாய் வந்த வறட்சி நுளம்புக்கு வாழ்வாய் அமைந்தது. 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் எழுந்த கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 மக்கள் மாண்டனர் என்பர். கேகாலைப் பகுதி பெரிதும் துயருற்றது.

பின்னர் டி. டி. ரி. வந்தது. அதற்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதை 1939இற் கண்டறிந்தவர் சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயன அறிஞராகிய போல் முல்லர். அதன்பொருட்டு 1948இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1946ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையிலே வீடுகளின் உட்சுவர்களில் இம்மருந்து பரவலாகத் தெளிக்கப்பட்டது. இரத்தம் உண்ட நுளம்பு உடல் கனத்துச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும். மருந்து படிந்த சுவரில் அமர்ந்தது மீளாது. இலட்சக் கணக்கில் இருந்த நோயாளர் தொகை காலகதியில் அருகி, 1963இல் தீவு முழுவதிலும் 17 ஆகக் குறைந்தது.

மலேரியா ஒழிந்தது என்ற எண்ணம் பரவியது. தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளிலும் வற்றிய ஆறுகளிலும் நீர் தேங்கியது. 1967இன் பிற்பகுதியில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் நோயுற்றோர் தொகை பல இலட்சத்தை எட்டியது. நோய் திரும்பியதற்கு முதற் காரணம் மனிதரின் அயர்வே என்பதை இங்கு மறைத்தலாகாது. ஆயின், அயர்வு நீங்கி மீண்டும் டி. டி. ரி.யைக் கையில் எடுத்தபோது, முன்போல் அது பயன் தரவில்லை. மருந்து படிந்த சுவரில் அமர்ந்தும் சாகாது பறந்து செல்லும் நுளம்புகள் 1969இல் இனங்காணப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் டி. டி. ரி.யை விடுத்து மலத்தியனைக் கைக்கொள்ளும்படி ஆயிற்று.

இஃது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஐரோப்பாவில் 1940களின் பிற்பகுதியிலேயே வீட்டு ஈக்கள் டி. டி. ரி.க்கு மடியாமை கண்டு அறிஞர் வியந்தனர். வியப்புக்குப் பின் எழ வேண்டியது வினா. முன்பு செத்த பூச்சி இப்போது சாகாமைக்குக் காரணம் என்ன?

இரு விடைகள்

இதற்கு இருவிதமாக விடை கூறலாம். முதலாவது விடை "பழகிவிட்டது" என்பதே. ஒவ்வொரு நுளம்பும் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்று, அதனைத் தாங்கும் வன்மையைப் பெற்று, அவ்வன்மையைத் தன் குஞ்சுகளுக்கும் கொடுத்தது என்பது இதன் கருத்து. பிரான்சு நாட்டு அறிஞர் இலமாக்கு 1809இல் வெளியிட்ட நூலிற் கூறிய கொள்கையும் இவ்வகையைச் சேர்ந்ததே. உயரத்திலுள்ள இலைகளை எட்டுதற்குக் கழுத்தை நீட்டி நீட்டி ஒட்டகச்சிவிங்கி நெடுங்கழுத்துப் பெற்றது என்றும், அந்நீட்சி அதன் கன்றுக்கும் சென்றது என்றும் அவர் கருதினார். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் இரும்படிக்கும் கொல்லனின் திரண்ட புயங்கள் அவன் மகனுக்குப் பிறவியிலேயே வாய்ப்பதில்லை. காது குத்துதல் எத்தனையோ தலைமுறையாக நம்மிடையே நிலவும் வழக்கம். எந்தக் குழந்தையேனும் துளையுள்ள காதோடு பிறந்ததுண்டா?

இரண்டாவது விடையைத் தந்தவர்கள் சாள்ஸ் டார்வினும் அல்பிரட் ரசல் வலசும். தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்த இவ்விருவர் எழுத்துகளும் 1858 யூலை 1ஆம் நாள் இலண்டன் இலின்னேயன் கழகத்தில் ஒருங்கே வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் பெருநூல் வெளிவந்தது. அவர்கள் கண்ட நெறியை இயற்கைத் தேர்வு என்கிறோம்.

இந்நெறியை நான்கு வசனங்களிற் கூறிவிடலாம். முதலாவது, ஒரே இனத்து உயிர்களுள் எந்த இரண்டும் முற்றாக ஒத்திருப்பதில்லை. இரண்டாவது, இவ்வேறுபாடுகளுட் பல பெற்றாரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்வன. மூன்றாவது, உயிர்கள் பிழைக்கக்கூடிய அளவிலும் மிகுதியாகப் பிறக்கின்றன. நான்காவது, யார் பிழைத்துச் சந்ததி விட்டுச் செல்வார் என்பதில் அவ்வேறுபாடுகளுக்கும் பங்குண்டு. இந்நான்கும் ஒருங்கு கூடுமிடத்து, தலைமுறை செல்லச் செல்லக் கூட்டத்தின் தன்மை மாறியே தீரும்.

கமக்காரன் விதைநெல் எடுப்பதை நோக்குக. வயலிலே நன்கு விளைந்த கதிர்களைத் தெரிந்து விதைக்கு வைக்கிறான். மற்றவை உலைக்குச் செல்கின்றன. பல போகம் இவ்வாறு செய்தால் வயலின் நெல்லே வேறாகிறது. எந்த நெல்மணியும் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. எது விதையாயிற்று, எது சோறாயிற்று என்பதிலேதான் மாற்றம் அடங்கியுள்ளது. இயற்கைத் தேர்வில் தெரிந்தெடுக்கும் கமக்காரன் இல்லை. குளிரும் வெயிலும் பசியும் பகையும் அவன் வேலையைச் செய்கின்றன. நமது சுவர்களில் அவ்வேலையைச் செய்தது டி. டி. ரி.

மருந்து தெளிப்பதற்கு முன்னரே கோடிக்கணக்கான நுளம்புகளிடையே ஒரு சில சற்று வேறுபட்டிருந்தன. உடலிற் புகுந்த டி. டி. ரி.யைச் சிதைத்துத் தீங்கற்றதாக்கும் நொதியம் சிலவற்றில் மிகையாக உண்டாயிற்று. வேறு சில பூச்சிகளில், மருந்து தாக்கும் நரம்பின் பகுதியே சற்று மாறி அமைந்திருந்தது. பரம்பரையலகுகளில் தற்செயலாக நேரும் விகாரங்களே இவற்றுக்குக் காரணம். மருந்து இல்லாத காலத்தில் இவ்வேறுபாட்டால் நுளம்புக்கு யாதொரு சிறப்பும் இல்லை. மருந்து வந்ததும் அதுவே வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நின்றது.

ஒரு சிறு கணக்கு

ஒரு சிலவாக இருந்தவை விரைவிற் பெரும்பான்மையாவது எவ்வாறு என மாணவர் ஐயுறலாம். எழுதுகோலை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நாம் கொண்ட எண்கள் என்பதை நினைவிற் கொள்க.

ஓரிடத்தில் 10,000 நுளம்புகள் உள. அவற்றுள் 10 மாத்திரமே எதிர்ப்புள்ளவை. அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. மருந்து தெளித்தபின், சாதாரண நுளம்புகளிற் பத்துக்கு ஒன்றும், எதிர்ப்புள்ளவற்றிற் பத்துக்கு ஒன்பதும் பிழைத்து முட்டையிடுகின்றன. பிள்ளைகள் பெற்றாரைப் போலவே இருக்கும் எனவும் கொள்வோம்.

முதற் தலைமுறையில் பிழைத்த சாதாரண நுளம்புகள் 999, எதிர்ப்புள்ளவை 9. இப்போது விகிதம் 111க்கு 1. இரண்டாந் தலைமுறையில் அது ஏறக்குறைய 12க்கு 1 ஆகும். மூன்றாவதில் எதிர்ப்புள்ளவை நூற்றுக்கு 42. நான்காவதில் நூற்றுக்கு 87. ஆயிரத்துக்கு ஒன்றாய் இருந்தது நான்கே தலைமுறையில் பெரும்பான்மையாகிவிட்டது. பெண் நுளம்பு ஒரு தடவையில் 50 முதல் 200 வரை முட்டையிடும். வெப்பநாடுகளில் ஒரு தலைமுறைக்குச் சில வாரங்களே போதும். ஆகவே இறந்தவற்றின் இடம் விரைவில் நிரம்பிவிடும். நிரப்புபவை பிழைத்தவற்றின் பிள்ளைகளாகவே இருக்கும்.

உண்மையில் இது இவ்வளவு விரைவாக நிகழ்வதில்லை. எல்லா நுளம்புகளும் மருந்துச் சுவரில் அமர்வதில்லை; பெற்றாரின் பரம்பரையலகுகள் பிள்ளைகளிற் கலந்தே சேர்கின்றன. ஆயினும் போக்கு இதுவே. இக்கணக்கில் ஒன்றை ஊன்றி நோக்குக. எந்த ஒரு நுளம்பும் தன் வாழ்நாளில் சிறிதும் மாறவில்லை. சாகக்கூடியது செத்தது, சாகாதது முட்டையிட்டது. மாறியது கூட்டத்தின் விகிதமே.

வெல்வெட்டுத் துணி காட்டிய சான்று

"எதிர்ப்புள்ளவை முன்னரே இருந்தன என்கிறீர், மருந்து பட்டபின் அவை தோன்றியிருக்கலாகாதா?" என வினவுவது நியாயமே. இவ்வினாவுக்கு 1952இல் யோசுவா இலெடர்பேர்க்கு, எசுதர் இலெடர்பேர்க்கு என்னும் அமெரிக்கத் தம்பதியர் மிக எளிய முறையில் விடை கண்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை பற்றீரியாக்கள்.

கிண்ணமொன்றில் பற்றீரியாக்களை அடர்த்தியாக வளர்த்தனர். கட்டையொன்றின் முகத்தில் வெல்வெட்டுத் துணியைப் போர்த்தி, முத்திரை குத்துவதுபோல் அக்கிண்ணத்தின் மேல் ஒற்றி எடுத்தனர். துணியின் நுண்ணிய மயிர்களிற் பற்றீரியாக்கள் தாம் இருந்த இட ஒழுங்கு மாறாமல் ஒட்டிக்கொண்டன. பின்னர், ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து கலந்த வேறு கிண்ணங்களில் அத்துணியை ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றினர். பெரும்பாலானவை மடிந்தன, ஆங்காங்கே சில திட்டுகள் வளர்ந்தன. வியப்பு யாதெனில், அத்திட்டுகள் எல்லாக் கிண்ணங்களிலும் ஒரே இடத்திலேயே தோன்றின. மருந்து பட்டபின்னரே எதிர்ப்பு உண்டாவதாயின், கிண்ணத்துக்குக் கிண்ணம் இடம் வேறுபட வேண்டும். வேறுபடாமையால், எதிர்ப்புள்ளவை முதற் கிண்ணத்தில் அவ்விடங்களில் முன்னரே இருந்தன என்பது தெளிவாயிற்று. மருந்தே கண்டிராத அந்த முதற் கிண்ணத்தின் அவ்விடங்களிலிருந்து பற்றீரியாக்களை எடுத்துப் படிப்படியாகப் பிரித்து வளர்த்து, அவை மருந்தைத் தாங்குவதையும் காட்டினர்.

மருந்து எதிர்ப்பை உண்டாக்கவில்லை, இருந்ததை வெளிப்படுத்திற்று, ஏனையவற்றை அகற்றி அதற்கு இடம் விட்டது.

மயக்கம் தரும் சில கருத்துகள்

கூர்ப்பைப் பற்றி உரையாடும்போது, மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் உயிர் பல பிறவிகளை எடுத்தமை கூறுவதைக் காட்டி, "டார்வின் சொன்னதை நம்முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர்" என்பார் உளர். திருவாசகத்தைப் போற்றுவதில் நாம் எவருக்கும் பின்னிற்கமாட்டோம். எனினும் அங்குக் கூறப்படுவது ஓர் உயிர் பிறவிதோறும் செல்லும் பயணமும், அதன் களைப்பும், அது நாடும் வீடுபேறும். கூர்ப்பில் அவ்வாறு பயணஞ் செய்யும் ஒருவர் இல்லை. கூட்டத்தின் விகிதம் தலைமுறை தலைமுறையாக மாறுவதே அங்குள்ளது. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறுவன. ஒன்றைக்கொண்டு மற்றதை மெய்ப்பிக்க முயல்வது இரண்டையும் விளங்காமையின் விளைவு.

"வல்லதே வாழும்" என்பதும் மயக்கந் தருவதே. ஆங்கிலத்தில் அத்தொடரை ஆக்கியவர் எர்பேட்டு சுபென்சர். பின்னரே டார்வின் அதனை ஏற்றார். இங்கு வலிமை என்பது மல்லனின் வலிமையன்று. அவ்வச் சூழலிற் பிழைத்துச் சந்ததி விடும் தகுதியே. டி. டி. ரி.யைச் சிதைக்கும் நுளம்பு, டி. டி. ரி. உள்ள வீட்டிலேதான் தகுதியுடையது. மருந்தில்லாத காட்டில் அதற்கு ஏற்றமில்லை. மிகையான நொதியத்தை ஆக்குவதிற் சத்தியைச் செலவிட்டுப் பின்தங்குதலும் சிலவேளை உண்டு. ஆகவே இத்தொடரைக் காட்டி, எளியாரை வலியார் மிதிப்பது இயற்கையின் சட்டம் என வாதிடுவோரின் கூற்றுக்கு உயிரியலில் ஆதாரம் இல்லை.

டார்வின் தாம் கூறிய மாற்றம் மிக மெதுவாகவே நிகழும் என்றும், அதனை நேரிற் காண்டல் அரிது என்றும் கருதினார். வேறுபாடுகள் பிள்ளைகளுக்குச் செல்லும் வழியையும் அவர் அறிந்திலர். மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக்கடலை ஆய்வு 1900ஆம் ஆண்டளவிலேயே உலகின் கண்ணிற் பட்டது. இன்றோ, பரம்பரையலகில் எவ்விடம் மாறியது என்பதையே ஆய்வுகூடத்திற் படித்துவிடலாம். டார்வின் காண்பதற்கு அரிதென எண்ணியது, அவர் பிறந்து இருநூறு ஆண்டுகள் கழியுமுன் நமது வீட்டுச் சுவரிலேயே நடந்து முடிந்தது.

இதனால் வீட்டுக்கு என்ன பயன்?

"பழகிவிட்டது" என்றால் என்ன, "தெரிந்தெடுக்கப்பட்டது" என்றால் என்ன, சொல்லில்தானே வேறுபாடு எனச் சிலர் எண்ணலாம். அன்று. நோயைக் கண்டால் நாம் செய்யும் செயலே இதனால் வேறாகிறது. பழக்கமே காரணமாயின், சிறிது காலம் மருந்தை நிறுத்தியோ, அளவைக் கூட்டியோ நிலைமையைச் சரிசெய்துவிடலாம். தேர்வே காரணமாயின், நாம் மருந்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதற்கு அடங்காதவற்றுக்கு இடம் அமைத்துக் கொடுக்கிறோம். ஆகவே வேண்டாத இடத்தில் மருந்தைப் பயன்படுத்தாமையே முதற் பாதுகாப்பு.

நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் பற்றீரியாக்களைக் கொல்வன. தடிமனையும் பெரும்பாலான தொண்டைநோவையும் உண்டாக்கும் வைரசுகளை அவை ஒன்றும் செய்யா. ஆயினும் பிள்ளைக்குத் தடிமன் வந்ததும், முன்பு வாங்கிய மாத்திரையில் எஞ்சியவற்றைக் கொடுப்போரும், அயலார் சொற்கேட்டுக் கடையில் வாங்குவோரும் உளர். அம்மருந்தால் தடிமன் நீங்காது. அப்பிள்ளையின் குடலிலும் தோலிலும் வாழும் எண்ணற்ற பற்றீரியாக்களிடையே தேர்வு மட்டும் நடந்துவிடும். நாளை அதே பிள்ளைக்கோ, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கோ உண்மையான பற்றீரிய நோய் வரும்போது, அம்மருந்து உதவாது போகலாம். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங்கு, 1945இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்தை உண்பதால் எதிர்ப்புள்ள கிருமிகள் பெருகும் என எச்சரித்தார்.

காசநோய்க்கு ஏன் ஒரே காலத்திற் பல மருந்துகளைக் கொடுக்கின்றனர் என்பதும் இப்போது விளங்கும். பத்து இலட்சம் கிருமிகளில் ஒன்று முதல் மருந்துக்கு அடங்காதது எனவும், வேறு பத்து இலட்சத்தில் ஒன்று இரண்டாம் மருந்துக்கு அடங்காதது எனவும் உதாரணமாகக் கொள்வோம். இரண்டுக்கும் அடங்காத ஒன்றைக் காண்பதற்கு இலட்சம் கோடிக் கிருமிகள் வேண்டும். ஒன்றைத் தப்பியது மற்றதிடம் அகப்படும். நோயாளி தன் எண்ணப்படி இரண்டிலொன்றை நிறுத்துவாராயின், அந்த அரணைத் தாமே இடித்தவராவார். ஆதலின் வைத்தியர் குறித்த மருந்தை, குறித்த அளவில், குறித்த காலம்வரை உண்ணுதல் நமது நலத்துக்கு மட்டுமன்றி ஊர் நலத்துக்கும் உரிய கடமையாகிறது.

இலங்கை இப்பாடத்தை வீணாக்கவில்லை. பிற்காலத்திலே ஒரே மருந்தை நம்பியிராது, வெவ்வேறு முறையில் தாக்கும் மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். மருந்தூட்டிய நுளம்பு வலைகளை வழங்கினர். நோயாளர் ஒவ்வொருவரையும் தேடிக் கண்டு சிகிச்சை அளித்தனர். தீவுக்குள்ளேயே தொற்றிய மலேரியா 2012 ஒற்றோபர் மாதத்துக்குப் பின் காணப்படவில்லை. 2016 செத்தெம்பர் மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுரைத்தது. ஆயினும் நோயைப் பரப்பவல்ல நுளம்பு நாட்டில் இன்னும் உண்டு. வெளிநாடு சென்று மீள்பவருடன் நோய்க்கிருமியும் அவ்வப்போது வந்துசேர்கிறது. 1963இல் நேர்ந்த அயர்வு மீண்டும் நேராதிருத்தல் வேண்டும்.

பெற்றார்க்கு ஒரு வேண்டுகோள். அலுமாரியில் எஞ்சிக் கிடக்கும் நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளை எடுத்து, மருந்தாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். மாணவர்க்கும் ஒன்று. மேலே தந்த கணக்கில், பத்துக்கு ஒன்று என்பதைப் பத்துக்கு ஐந்து என மாற்றி மீண்டும் செய்து பாருங்கள். எதிர்ப்புள்ளவை பெரும்பான்மையாதற்கு அப்போது எத்தனை தலைமுறை வேண்டும்? அவ்விடையைக் கண்டபின், கிருமிகளுக்குத் தேவையற்ற மருந்தைக் காட்டாதிருத்தலால் நாம் எவ்வளவு காலத்தைச் சம்பாதித்துக்கொள்கிறோம் என்பது தானே விளங்கும்.